அன்னத் தட்டில் அன்னம் உண்டார்களா? டிரெஸ்டன் பீங்கான் அறையில் வந்த சந்தேகங்கள்

கேள்வி: தட்டுகழுவி

வணக்கம். கலை வரலாறெல்லாம் எனக்குத் தெரியாது. ஜெர்மனியில் ஒரு உணவகத்தின் பின்கட்டில் ஏழு வருடமாகத் தட்டு கழுவுகிறேன். அதனால் எந்தத் தட்டைப் பார்த்தாலும் என் கண் முதலில் விளிம்புக்குப் போகும், அப்புறம் அடிவளையத்துக்கு. படத்தைப் பார்ப்பது கடைசியில்தான்.

டிரெஸ்டன் நகரத்தின் ட்ஸ்விங்கர் மாளிகையில் இருக்கும் பீங்கான் சேகரிப்பைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. எனக்கு வார விடுமுறை திங்கட்கிழமை. அருங்காட்சியகத்துக்கும் திங்கட்கிழமைதான் விடுமுறை! இப்படியே இரண்டு வருடம் தள்ளிப்போனது. போன வாரம் ஒரு நண்பனிடம் கெஞ்சி ஷிஃப்டை மாற்றிக்கொண்டு போய்விட்டேன்.

சீன ஜாடிகளை வேகமாகக் கடந்தேன். 1717-இல் இந்தப் பகுதியான சாக்சனியின் ஆட்சியாளர் அகஸ்டஸ் தன் குதிரைப்படையில் 600 பேரைப் பிரஷ்ய அரசனுக்குக் கொடுத்து, பதிலுக்கு 151 பீங்கான் பொருட்களை வாங்கிக்கொண்டாராம். நாலு ஆளுக்கு ஒரு ஜாடி. அந்த வீரர்களுக்கு இந்தக் கணக்கைச் சொன்னார்களா என்று தெரியவில்லை.

நான் நின்றுவிட்ட இடம், டிரெஸ்டன் பக்கத்து ஊரான மைசனில் செய்த பீங்கான் இருக்கும் பகுதி. அங்கே அன்னத் தட்டு ஒன்று. வெள்ளைத் தட்டு முழுக்கச் சிப்பியின் வரிகள் போல மேடும் பள்ளமும். நடுவில் தண்ணீரில் இரண்டு அன்னங்கள், நாணல், மேலே பறந்து வரும் ஒரு கொக்கு. எல்லாமே வெள்ளை மேல் வெள்ளை. வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் கண்ணுக்குத் தெரிகிறது. விளிம்பில் மட்டும் ஒரு குலச்சின்னமும் சில சின்னப் பூக்களும் வண்ணத்தில், ஓரத்தில் தங்கம்.

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு உடனே கை அரித்தது. அந்தச் சிப்பி வரிகளுக்குள் குழம்பு காய்ந்து போனால் என்ன கதி? என் சந்தேகங்கள் இவை:

முதலாவது, இதில் உண்மையிலேயே யாராவது சாப்பிட்டார்களா, இல்லை அலமாரியில் வைத்துப் பெருமை பேசத்தானா?

அப்புறம், வேறு ஒரு தட்டில் பூப்படத்தின் மேல் கத்தி இழுத்த தடம் தெளிவாக இருந்தது. அதே தட்டின் வெள்ளைப் பகுதியில் கீறலே இல்லை, சாம்பல் நிறத்தில் சில கோடுகள் மட்டும். அது ஏன்?

இன்னொன்றில் ஈ ஒன்றையும் வண்டு ஒன்றையும் நிழலோடு வரைந்திருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டில் யாராவது ஈயை வரைவார்களா? எங்கள் சமையலறையில் அப்படி ஒரு தட்டு வெளியே போனால் அன்றே கடையை மூட வேண்டியதுதான்.

கடைசியாக, ஒரு சாசரின் நடுவில் சின்ன வேலி மாதிரி உயரமாக ஒரு வளையம், கோப்பை அதற்குள் உட்கார்ந்திருந்தது. எதற்கு?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சிரித்தாலும் பரவாயில்லை.

பதில் 1: மேசைவிரிப்பு

சிரிக்க என்ன இருக்கிறது நண்பரே. நான் பல வருடமாக அந்தக் காலத்து அரண்மனை விருந்துகளைப் பற்றிப் படிக்கிறேன், "கழுவியது யார்" என்று நானே இதுவரை யோசித்ததில்லை.

முதல் சந்தேகத்துக்கு வருகிறேன். சாப்பிட்டார்கள். நீங்கள் பார்த்தது மைசன் தொழிற்சாலை 1737-க்கும் 1742-க்கும் இடையில் செய்த அன்னத் தொகுப்பின் ஒரு தட்டு. ஏறத்தாழ 100 பேர் உட்காரும் விருந்துக்காக 2,200-க்கும் மேற்பட்ட உருப்படிகள். சிற்பி யோஹான் யோவாகிம் கெண்ட்லர். செய்துகொண்டவர் ஹைன்ரிஷ் ஃபோன் ப்ரூல் பிரபு, அரசருக்கு அடுத்தபடியாக அதிகாரம் வைத்திருந்த அமைச்சர். மைசன் தொழிற்சாலையின் மேற்பார்வையும் அவரிடம்தான் இருந்தது. பந்தி பரிமாறுகிறவன் நம்மவனாக இருந்தால் கேட்கவா வேண்டும்!

ஏன் அன்னம், ஏன் தண்ணீர், ஏன் சிப்பி? ப்ரூல் என்ற ஜெர்மன் சொல்லுக்குச் சதுப்பு நிலம் என்று பொருள். தன் பெயரையே தட்டாகச் செய்துகொண்டார் மனிதர்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து அரண்மனைகளில் முக்கிய உணவு பெரும்பாலும் வெள்ளித் தட்டில்தான். பீங்கான் வந்தது கடைசியில், பழமும் இனிப்பும் பரிமாறும் சுற்றுக்கு. மேசை நடுவில் சர்க்கரைப் பாகில் செய்த பொம்மைகளை நிறுத்துவார்கள். பிறகு அந்த இடத்தைப் பீங்கான் பொம்மைகள் பிடித்துக்கொண்டன. நாம் கண்ணாடிப் பெட்டியில் பார்க்கிற ஆட்டிடையர், வியாபாரி, நாட்டியக்காரி எல்லாம் அப்படி இனிப்பு மேசைக்கு வந்தவர்கள். அந்தப் பழக்கத்துக்கு நடுவே சூப் பாத்திரம், மெழுகுவர்த்தித் தாங்கி, சர்க்கரைப் பேழை என்று விருந்து முழுவதையும் பீங்கானிலேயே செய்யச் சொன்னார் ப்ரூல். அதனால்தான் இது இவ்வளவு பேசப்படுகிறது.

பிரான்சில் பீங்கானுக்கு வேறு வழியாகவும் வாழ்வு வந்தது. போர்ச்செலவுக்குக் காசு போதாமல் 1759-இல் பதினைந்தாம் லூயி வெள்ளிப் பாத்திரங்களை நாணயச் சாலைக்கு அனுப்பினார். அதே வருடம் செவ்ர் பீங்கான் தொழிற்சாலை முழுவதையும் தன் பெயருக்கு வாங்கிக்கொண்டார். வருடக் கடைசியில் வெர்சாய் அரண்மனையில் தன் அறைகளிலேயே கடை பரப்பிப் பிரபுக்களுக்கு விற்பார். அரசரே வந்து "இது எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் விலை அதிகம் என்று எவன் சொல்வான்?

கடைசிச் சந்தேகம் சுலபம். அந்த வேலி வைத்த சாசரை நடுக்கக் கோப்பை என்பார்கள். சாக்லேட் பானத்தைக் கட்டிலில் சாய்ந்தபடி குடிக்கிறவருக்காக. கை நடுங்கினாலும் கோப்பை நகராது. ஸ்பானியர்கள் வைத்திருந்த இதே மாதிரிச் சாசருக்கு மான்செரினா என்று பெயர், 17-ஆம் நூற்றாண்டில் பெரு நாட்டை ஆண்ட மான்செரா மார்க்விஸின் பெயரால்.

கழுவும் கேள்விக்கு என்னால் பாதிதான் சொல்ல முடியும். பிரிட்டிஷ் பெருவீடுகளில் பீங்கானும் கண்ணாடியும் சட்டி பானையோடு சேராது. பட்லரின் அறையில் தனித் தொட்டி இருக்கும். மரத்தொட்டி, அல்லது உள்ளே ஈயத்தகடு அடித்த தொட்டி. கல் தொட்டியில் இடித்தால் விளிம்பு பெயர்ந்துவிடும் என்பதால்.

பதில் 2: வெண்களி

தட்டுகழுவி, உங்கள் இரண்டாவது சந்தேகம் அருமையானது. நான் பீங்கான் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவன், அதனால் கொஞ்சம் நீட்டுவேன்.

மைசன் பீங்கான் கெட்டிவகை. கயோலின் என்ற வெண்களிமண்ணோடு, உருகி ஒட்டவைக்கும் ஒரு கல்லையும் சேர்த்துச் செய்வது. முதலில் சலவைக்கல் போன்ற அலபாஸ்டரைச் சேர்த்தார்கள், பிறகு ஃபெல்ட்ஸ்பாருக்கு மாறினார்கள். இந்தக் கலவையைக் கண்டுபிடித்த கதை தெரியுமா? பொன் செய்யத் தெரியும் என்று வாய்விட்ட பாட்கர் என்ற இளைஞனை அகஸ்டஸ் பிடித்து அடைத்து வைத்தார். பொன் வரவில்லை. ட்ஷிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரோடு சேர்ந்து உழைத்ததில் 1708-இல் வெள்ளைப் பீங்கான் வந்தது. அதே வருடம் ட்ஷிர்ன்ஹவுஸ் இறந்துபோனார். 1710-இல் மைசன் நகரத்தின் ஆல்பிரெக்ட்ஸ்பர்க் கோட்டைக்குள் தொழிற்சாலை ஆரம்பித்தது. ரகசியம் வெளியே போகாமல் இருக்கக் கோட்டைச் சுவர் வசதி. ஆனாலும் போய்விட்டது, அதைப் பிறகு யாராவது சொல்லட்டும்.

இந்தப் பொருளை ஏறத்தாழ 1400 டிகிரியில் சுடுவார்கள். பளபளப்புப் பூச்சும் களிமண்ணும் ஒரே கல்லாக இறுகிவிடும். அந்தப் பூச்சு சாப்பாட்டுக் கத்தியின் எஃகைவிடக் கடினம். அதனால் கத்திதான் தேயும், தட்டு தேயாது. கத்தியிலிருந்து உதிர்ந்த உலோகம் தட்டின் மேல் பென்சில் கோடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். நீங்கள் பார்த்த சாம்பல் கோடு அதுவாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் வேலையிலும் இதைப் பார்த்திருப்பீர்கள்.

பூவில் விழுந்த தடம் வேறு. சிவப்பு, மஞ்சள், ஊதா போன்ற வண்ணங்கள் 1400 டிகிரி தாங்காது. தட்டைச் சுட்டு முடித்த பிறகு மேலே தீட்டி, 800 டிகிரியை ஒட்டிய சூட்டில் மறுபடி சுடுவார்கள். அது கண்ணாடித்தூள் கலந்த மெல்லிய வண்ணம், மேலே உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். கத்தி பட்டால் கீறும். தங்கம் இன்னும் மோசம், துணியால் துடைத்தாலே வருடக்கணக்கில் தேய்ந்துவிடும்.

விதிவிலக்கு கோபால்ட் நீலம். சுடாத பூச்சுக்கு அடியில் தீட்டி, பெரிய சூட்டிலேயே சேர்த்துச் சுடலாம். மேலே கண்ணாடிக் கவசம் இருப்பதால் தேயாது. கழுவுகிறவனின் நண்பன் நீலம்தான். மைசன் வெங்காயத் தட்டு கேள்விப்பட்டிருப்பீர்கள், நீல வெள்ளை. அதில் இருப்பது வெங்காயம் இல்லை, சீனப் பாத்திரங்களைப் பார்த்து வரைந்த மாதுளையும் பீச் பழமும். பெயர் ஒட்டிக்கொண்டது. ஊரெல்லாம் அதை நகல் எடுத்ததால் 1888 முதல் படத்தில் இருக்கும் மூங்கிலின் அடியிலேயே மைசன்காரர்கள் தங்கள் குறுக்குவாள் சின்னத்தை, அதாவது குறுக்காகப் போட்ட இரண்டு வாள்களை, வரைய ஆரம்பித்தார்கள்.

செவ்ர் கதை வேறு. அங்கே ஆரம்பத்தில் கயோலின் கிடையாது. கண்ணாடிக் கலவை சேர்த்த மென்வகைப் பீங்கான்தான். லிமோஜ் அருகே சேன்-இரியே என்ற இடத்தில் 1768-இல்தான் கயோலின் கிடைத்தது. மென்வகையின் பூச்சு கத்திக்குக் கீறும். ஆனால் வண்ணம் அந்தப் பூச்சுக்குள் கொஞ்சம் இறங்கி உட்காரும். வான்நீலம் என்று அவர்கள் புகழ்பெற்ற அந்த நிறம் மென்வகையில்தான் சரியாக வரும். ரஷ்யப் பேரரசி கேதரின் 1776-இல் ஏறத்தாழ 800 உருப்படிகள் கொண்ட ஒரு தொகுப்பைச் செவ்ருக்குச் சொன்னபோது, கெட்டிவகை கைக்கு வந்த பிறகும் அந்த நிறத்துக்காகவே மென்வகையில் செய்தார்கள். உறுதியா, நிறமா என்றால் பேரரசிக்கு நிறம்தான். கழுவப்போவது அவர் இல்லையே.

பதில் 3: பழையசாமான்

ஈ விஷயத்துக்கு நான். சூளையில் சுடும்போது களிமண்ணில் இருந்த இரும்புத்துகள் கரும்புள்ளியாக வெளியே வரும், அல்லது பூச்சில் குமிழி உடைந்து குழி விழும். அவ்வளவு பாடுபட்டுச் செய்த தட்டைத் தூக்கிப் போட மனசு வராது. புள்ளி இருக்கும் இடத்தில் ஒரு ஈ, குழி இருக்கும் இடத்தில் ஒரு இதழ். தீர்ந்தது வேலை. ஒரு தட்டில் பூச்சிகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தால் அவற்றின் மேல் வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, பின்பக்கத்தைப் பார்க்காமல் பீங்கானைப் பற்றிப் பேசவே கூடாது. குறுக்குவாள் என்றால் மைசன், செங்கோல் என்றால் பெர்லின், மூன்று அலைக்கோடு என்றால் கோபன்ஹேகன். அந்த மூன்று கோடும் டென்மார்க்கின் மூன்று நீரிணைகள். வியன்னா சின்னத்தைப் பலர் தேன்கூடு என்பார்கள். அது ஆஸ்திரியக் கேடயம், தலைகீழாகப் பிடித்துப் பார்த்ததால் தேன்கூடு ஆகிவிட்டது! வெண்களி பாதியில் விட்ட கதையும் இதுதான். மைசனிலிருந்து நழுவிய ஆட்களை வைத்து 1718-இல் வியன்னாவில் டு பாக்கியே என்பவர் ஐரோப்பாவின் இரண்டாவது கெட்டிவகைத் தொழிற்சாலையை ஆரம்பித்தார். ரகசியம் எட்டு வருடம்தான் தாங்கியது.

மைசனில் குறைப்பட்ட தட்டு என்றால் வாள் சின்னத்தின் மேலேயே குறுக்கே கீறிவிடுவார்கள். கண்காட்சியில் முன்பக்கம் மட்டும் காட்டினால் இதெல்லாம் எப்படித் தெரியும்? என் ஒரே குறை அது.

பதில் 4: வெண்களி

பழையசாமான் ஐயா சொன்னது பாதி சரி. குறையை மறைக்க வரைந்தது உண்டு. ஆனால் ஈ இருக்கிற இடமெல்லாம் குழி இருக்கும் என்று நம்பிப் போனால் ஏமாந்துவிடுவோம். 1740-ஐ ஒட்டி மைசனில் பூவையும் பூச்சியையும் இயற்கை நூல்களின் அச்சுப்படங்களைப் பார்த்து நிழலோடு வரைவதே ஒரு மோகமாக இருந்தது. நிஜ ஈ உட்கார்ந்திருக்கிறது என்று விருந்தாளி கையை வீசினால் வரைந்தவனுக்கு வெற்றி. துளிக்குறையும் இல்லாத தட்டிலும் ஈ உண்டு.

தாவர மோகத்தின் உச்சம் பார்க்க வேண்டுமென்றால் கோபன்ஹேகன் போங்கள். 1790-இல் ஆரம்பித்து 1802 வரை செய்த ஃப்ளோரா டானிகா தொகுப்பு அங்கே ரோசன்போர்க் கோட்டையில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு செடி, வேரோடு. பின்பக்கத்தில் அதன் லத்தீன் பெயர். படம் பெரும்பாலும் பாயர் என்ற ஒரே ஓவியரின் கை. தட்டு போதாமல் செடியின் தண்டை ஒடித்து வளைத்து வரைந்த இடங்களும் உண்டு.

பதில் 5: தட்டுகழுவி

எல்லோருக்கும் நன்றி. வெண்களி அண்ணா சொன்ன சாம்பல் கோட்டை நான் தினமும் பார்க்கிறேன். புதுக் கத்தி வாங்கிய வாரம் அதிகமாக வரும். எலுமிச்சை உப்பும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போய்விடும். இருநூற்றெண்பது வருடத்துக்கு முந்தைய தட்டிலும் அதே கோடு என்றதும் ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. பூச்சு இல்லாத அடிவளையம் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். எங்கள் கடையில் தட்டை அடுக்கும்போது மேல்தட்டின் வளையம் கீழ்த்தட்டை அறுத்துவிடும், அதற்காக நான் முதலாளியிடம் சண்டையே போட்டிருக்கிறேன். அன்னத் தட்டை எப்படி அடுக்கினார்கள்? படம் தட்டு நடுவிலேயே அல்லவா இருக்கிறது?

பதில் 6: மேசைவிரிப்பு

அரண்மனையில் எப்படி அடுக்கினார்கள் என்பதைவிட யார் பொறுப்பில் அடுக்கினார்கள் என்பதைத்தான் தட்டே சொல்கிறது. சில மைசன் பொருட்களின் அடியில் வாளோடு எழுத்துகளும் இருக்கும். கே.எச்.சி. என்றால் அரச இனிப்புச் சாலை. கே.எச்.கே. என்றால் அரச சமையலறை. கே.எச்.சி.டபிள்யூ. என்றால் வார்சாவில் இருந்த அரச இனிப்புச் சாலை, அகஸ்டஸ் வம்சம் போலந்தையும் ஆண்டதே. ஒரு துறையின் தட்டு இன்னொரு துறைக்குப் போய் மாட்டிக்கொண்டால் யார் பதில் சொல்வது? அதற்குத்தான் எழுத்து.

இப்போது அருங்காட்சியகக் கிடங்குகளில் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் மெத்தென்ற தாள் வைக்கிறார்கள், உயரமாக அடுக்குவதும் இல்லை. உங்கள் சண்டையில் நியாயம் உங்கள் பக்கம்தான்.

அன்னத் தட்டுகளுக்கு வந்த ஆபத்து அடுக்கினதால் வரவில்லை. ப்ரூல் குடும்பத்தின் ஃபோர்டன் மாளிகை இன்றைக்குப் போலந்தில் ப்ரோடி என்ற பெயரில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடியும் சமயத்தில் அங்கே இருந்தவற்றில் பெரும்பகுதி உடைந்தும் காணாமலும் போனது. மிச்சம்தான் உலகத்தின் பல அருங்காட்சியகங்களில் ஒன்றும் இரண்டுமாக இருக்கிறது.

பதில் 7: தட்டுகழுவி

நேற்று மறுபடி போய் வந்தேன். இந்த முறை நண்பன் ஷிஃப்ட் மாற்றித் தரவில்லை, மதிய வேலையை முடித்துவிட்டுக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு ஓடினேன்.

பழையசாமான் ஐயா, பின்பக்கம் தெரிகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து குனிந்து தேடினேன். காவலர் இரண்டு தடவை என் பக்கம் வந்து போனார். மூன்றாவது தடவை நானே விஷயத்தைச் சொன்னேன். தட்டு கழுவுகிறவன், அடிவளையம் பார்க்க வேண்டும் என்று. அவர் சிரிக்கவில்லை. ஒரு கண்ணாடிப் பெட்டியின் ஓரத்துக்குக் கூட்டிப்போய், இந்தக் கோணத்தில் நில்லுங்கள் என்றார். சாய்த்து நிறுத்தியிருந்த தட்டின் அடிவளையத்தில் ஒரு துண்டு தெரிந்தது. தேய்ந்து வழுவழுவென்று இருந்தது, எங்கள் கடையின் பழைய தட்டு மாதிரியே. எழுத்து எதுவும் தெரியவில்லை.

அன்னத் தட்டு முன்னால் ஐந்து நிமிடம் நின்றேன். ஓரத் தங்கத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு இடத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு மங்கியிருந்தது போல எனக்குப் பட்டது. வலது கைக்காரர் மேசையிலிருந்து எடுத்தால் அங்கேதான் விரல் படும். காவலரிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார், அதற்குள் மூடும் மணி அடித்துவிட்டது.